உறையின் பின்பக்கம்

குழந்தைகளுக்கு நல்ல உணவைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருவது பற்றிப் பேச்செழுந்தால், நாம் உடனே கம்பு, கேழ்வரகு, தாத்தா காலத்துக் கூழ் என்று உருகத் தொடங்கிவிடுகிறோம். கடையில் பிள்ளையின் கை நீள்வதோ சத்துபானப் புட்டியை நோக்கி. அவ்விடத்தில் உபதேசம் எடுபடாது. அங்கே தேவைப்படுவது வாசிப்பு.

உறையின் முன்பக்கம் வெறும் விளம்பரம், பின்பக்கம்தான் பிரதி. சேர்மானங்களை எடை மிகுந்ததில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க எட்டு வயதுப் பிள்ளையைப் பழக்கிவிடலாம். அதே சர்க்கரை குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று பல வேடங்களில் பிரிந்து வந்தால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே இறங்கிவிடும். இந்தச் சூட்சுமத்தைச் சற்று வளர்ந்தபின் சொல்லலாம். (துப்பறியும் கதை போலிருப்பதால் பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போகிறது.) அடுத்தது கணக்கு. நான்கு கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நூறு கிராமில் 32 கிராம் என்றிருந்தால் எட்டுக் கரண்டி. அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை சில நாள் அப்பொருளைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் ஏமாந்து கேட்காது.

2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்ஸ்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே கிடையாதாம். இத்தனை காலம் நம் அடுக்களைகளில் புழங்கிய சொல்லுக்குச் சட்டத்தில் பொருளில்லை!

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. விதிப்படி இவ்விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் தருவது நிறுவனத்தின் விருப்பம். விற்கும்போது தமிழில் கொஞ்சிப் பேசுகிறவர்கள் சர்க்கரையளவைச் சொல்லும்போது மட்டும் ஏன் தமிழை மறந்துவிடுகிறார்கள்? தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு அந்தப் பிரதி மூடியே கிடக்கிறது. எளிய வழி இல்லாமலில்லை. சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியை எழுத்தறியாத பாட்டியும் அறிவார். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த உணவின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இடம்பெறுகிறது.

இங்கே அப்படியொன்று வரும்வரை, சர்க்கரை, உப்பு, பாமாயில், மைதா என ஏழெட்டுச் சொற்களின் ஆங்கில எழுத்துருவையும் தமிழ்ப் பொருளையும் ஒரு தாளில் எழுதி, மளிகைப் பட்டியலோடு பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பலாம்.