நேர்ந்துவிட்ட சொல்



சென்ற இதழில் ஒரு நாகஸ்வரக் கலைஞரை 'வாழ்வையே இசைக்கு அர்ப்பணித்தவர்' என்று எழுதியிருந்தோம். ஆங்கிலப் பாடம் நடத்தும் வாசகி ஒருவர் உடனே கடிதம் போட்டுவிட்டார். "எதற்கெடுத்தாலும் அர்ப்பணிக்கிறீர்களே, 'டிவோட்' என்பதற்குத் தமிழில் வேறு வினையே கிடையாதா?" செல்லக் குட்டுதான். அகராதியை எடுத்தேன்.

லத்தீனில் 'டிவோட்'டின் வேர், வேண்டிக்கொண்டு தெய்வத்துக்குக் கொடுத்துவிடுவது. கி.மு. 340-இல் டெசியஸ் மூஸ் என்ற ரோமத் தளபதி, தன் படை பின்வாங்குவதைப் பார்த்து, தன்னையும் பகைவர் படையையும் சேர்த்தே பாதாளத் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு, தனியாக எதிரிகளுக்குள் பாய்ந்து மடிந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குள், கொற்றவையின் காலடியில் தன் தலையைத் தானே அரியப்போகும் வீரனைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆக, வாசகி கேட்ட வினை நம் கிராமங்களிலேயே இருக்கிறது: நேர்ந்துவிடு. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா யார் கொல்லையில் வாய்வைத்தாலும் அடிக்க மாட்டார்கள். வளர்த்தவருக்கே அது சொந்தமில்லை. முடிவு என்னவென்று கிடாவைத் தவிர ஊருக்கே தெரியும். ஆங்கிலச் சொல்லுக்கும் 'அழிவுக்கென்று விதிக்கப்பட்ட' என்ற நிழல் ஒரு காலத்தில் இருந்தது. ('வோட்'டும் இதே வேரில் கிளைத்ததுதான். தேர்தல் நேரத்தில் இதற்குமேல் பேச வேண்டாம்.)

இன்று அந்தச் சொல் சாதுவாகிவிட்டது. ஒரு கட்டுரைக்கு இரண்டு பக்கம் 'டிவோட்' செய்கிறார்கள். நமக்கு 'ஒதுக்கு' போதும். 'டிவோட்டட்' மகன் என்றால், அம்மாமேல் உயிரையே வைத்திருப்பவன். மாணவர்கள் வழுக்குமிடம் வேறு. பின்னால் வரும் 'டு'வைப் பார்த்ததும் 'டு ஸ்டடி' என்று எழுதிவிடுவார்கள். 'டு ஸ்டடியிங்' என்பதே சரி. அந்த 'டு' நம் 'கு' உருபு மாதிரி, பெயரைத்தான் கேட்கும். நாமும் 'படி'யைப் 'படிப்பது' என்று பெயராக்கிய பிறகுதானே 'படிப்பதற்கு' என்கிறோம்?

இதையெல்லாம் அந்தக் கலைஞரிடம் தொலைபேசியில் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்றீங்க. ஏழு வயசுல எங்கப்பா என்னை இந்தக் குழலுக்கு நேர்ந்துவிட்டார். அன்னையிலேருந்து ஊர் ஊரா மேஞ்சிட்டிருக்கேன்."

அன்புடன்,
ஆசிரியர்