புதையல் எடுத்தால் உருக்கிப் போடாதேங்கோ

1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடிக்க, சங்கிலி மன்னன் கோப்பாய்க்குத்தான் பின்வாங்கினான். அதால எங்கட ஊரில் இண்டைக்கும் புதையல் கதைக்குக் குறைவில்லை. உண்மையாகவே ஒரு சின்னப் பொன் விக்கிரகம் கிளம்பினால்? இரவோடு இரவாக உருக்கிப் போடுவினம் என்பதுதான் எங்கள் பயம்.

அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண் வெட்டிய தொழிலாளிக்கு நடராசர் சிலை கிடைத்தது. கைமாறி லண்டன் வரை போனது. வழக்கில், சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூடச் சாட்சியாயின. 1991இல் சிலை இந்தியா திரும்பியது. அது வெண்கலம். பொன்னை உருக்கினால் மண்ணும் இல்லை, சாட்சியும் இல்லை.

இலங்கைச் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். சொந்தக் காணியிலும் அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்ட ஏலாது. "குடுத்தால் எங்கட வரலாறு எண்டு சொல்லுவினமோ?" குருந்தூர்மலைப் பிரச்சினைக்குப் பிறகு இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஒளிப்பது அதற்கு மறுமொழியில்லை.

கிணறு வெட்டேக்க ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்காதேங்கோ. கிடந்தபடியே படம் எடுங்கோ. திணைக்களத்துக்கு அறிவிக்கேக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல்காரரையும் கூப்பிடுங்கோ. ஊரே பார்த்த பொருளை ஒருத்தரும் மாத்திச் சொல்ல ஏலாது.