எழுத்தில் எங்கே ஆணை?

அகாயக் கூட்டமைப்பின் முடிவை கி.மு. 146இல் வைப்பதுதான் வரலாற்று நூல்களின் வழக்கம். அந்த ஆண்டில் ரோமானியத் தளபதி மும்மியஸ் கொரிந்த் நகரை அழித்தார். ஆனால் கிரேக்கத்தின் தென்பகுதி நகரங்கள் சேர்ந்து உருவாக்கிய அந்த ஆட்சி, அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே தன் கையிலிருந்த ஒரே கேடயத்தைத் தானே கொண்டுபோய் ரோமிடம் கொடுத்துவிட்டது. அந்தக் கேடயம் அதன் சட்டம். கி.மு. 198இல் மாசிடோனியாவைக் கைவிட்டு ரோமின் பக்கம் சாய்ந்த அகாயர்கள், ஏட்டளவில் அடிமைகள் அல்லர், நட்பு நாட்டினர். கி.மு. 185இல் மெட்டெல்லஸ் என்ற ரோமானியத் தூதர் வந்து, மக்கள் அவையைக் கூட்டுங்கள் என்றார். ரோமின் செனட்டிடமிருந்து எழுத்துபூர்வ ஆணை இல்லாமல் அவையைக் கூட்ட எங்கள் சட்டம் இடம் தராது, அந்த ஆணை எங்கே என்று அகாயர்கள் கேட்டார்கள். அவரிடம் இல்லை; அவை கூடவில்லை. மாசிடோனிய மன்னரையே தோற்கடித்த ஃபிளாமினினஸுக்கும் பின்னர் இதே பதில்தான் கிடைத்தது. இதை வறட்டுப் பிடிவாதம் என்று சிரிக்கலாம். எனக்கு அது அரசியல் கூர்மையாகவே படுகிறது. ரோம் தன்னை நியாயவான் என்று காட்டிக்கொள்ள விரும்பிய காலம் அது. தன்னோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீட்டிக் காட்டினால் அது தயங்கியது. கீழ்ப்படிய வேண்டிய நாள் எப்படியும் வரும், அதை நாமே ஏன் விரைவுபடுத்த வேண்டும் என்பதே அகாயத் தலைவர் பிலோபோமெனின் நிலைப்பாடு.

கி.மு. 180இல் காலிக்ராத்தீஸ் என்பவர் அகாயர்களின் தூதராக ரோமுக்குப் போனார். நாட்டின் சட்டத்துக்காக வாதாட அனுப்பப்பட்டவர், சட்டத்தைவிட உங்கள் விருப்பமே பெரிது என்போரை ஆதரியுங்கள், மற்றவர்கள் தானாக அடங்குவார்கள் என்று செனட்டுக்கே யோசனை சொன்னார். செனட் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. ஊர் திரும்பியவர் தலைமைப் பதவிக்கும் தேர்வானார். இதை எழுதிய பொலிபியஸ், காலிக்ராத்தீஸின் எதிர்த்தரப்புத் தலைவர் லிகோர்தஸின் மகன். அவர் சாட்சியை அப்படியே நம்பலாமா என்று கேட்பது நியாயம். பேச்சின் சொற்களில் காழ்ப்பு கலந்திருக்கலாம். பின்விளைவை அப்படித் தள்ள முடியாது: கி.மு. 167இல் காலிக்ராத்தீஸ் தரப்பு பெயர் கொடுக்க, பொலிபியஸ் உட்பட ஆயிரம் பேர் விசாரணையின்றி இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டனர். 17 ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் முந்நூறு பேர் அளவில்தான்.

ரோமை எதிர்த்ததால்தானே கொரிந்த் அழிந்தது, பணிந்திருந்தால் பிழைத்திருக்குமே என்பார்கள். கி.மு. 147இல் ரோம் கேட்டது வெறும் பணிவை அல்ல. கொரிந்த், ஆர்கோஸ், ஸ்பார்ட்டா ஆகியவற்றைப் பிரித்துவிடச் சொன்னது. அதற்குக் கட்டுப்பட்டிருந்தால் கூட்டமைப்பு என்று எது மிஞ்சியிருக்கும்? அன்று போருக்குக் கிளம்பிய அகாயத் தலைவர்கள் கிரிதோலாவுஸும் தியாயுஸும் பிலோபோமெனின் வாரிசுகள் அல்லர். நிதானம் சொல்லக்கூடிய ஒரு தலைமுறையையே இத்தாலி விழுங்கியபின் மிஞ்சியவர்கள்.

என் வாதத்துக்கு உண்மையில் இடறுவது வேறொன்று, அது ஸ்பார்ட்டா. அந்நகரை விருப்பத்துக்கு மாறாகக் கூட்டமைப்பில் சேர்த்ததும், கி.மு. 188இல் அதன் மதில்களை இடித்து, தொன்மையான சட்டங்களை ஒழித்ததும் இதே பிலோபோமென்தான். தன் சட்டத்தை ரோம் மதிக்க வேண்டும் என்றவர் ஸ்பார்ட்டாவின் சட்டத்தை மதிக்கவில்லை. ஸ்பார்ட்டர்கள் முறையிட வேறு இடமின்றி செனட்டுக்கு ஓடினார்கள். மெட்டெல்லஸ் அன்று அவையைக் கூட்டச் சொன்னதும் அந்த விவகாரத்துக்காகத்தான்.