கூலியும் ஆளும்

சென்ற விடுமுறை கழிந்து மாணவர் விடுதிக்குத் திரும்பிய யான், பெரம்பலூர்ப் பேருந்திலிருந்து இறங்கி, துணிப்பெட்டியைத் தலைமேலும் அப்பாயி கொடுத்தனுப்பிய சின்ன வெங்காய மூட்டையைத் தோள்மேலும் சுமந்து வாயிலுட் புகுந்தேன். எதிர்ப்பட்ட நண்பரொருவர் ஆங்கில நாவசைவோடு 'கூலி' என்று விளித்து நகைத்தார். உடனின்றோரும் நகைத்தனர். யானும் நகைத்தேன் என்பதை மறைத்தல் ஆகாது. இரவு விளக்கணைத்த பின்னரே, ஒரு தமிழ்ச்சொல் கடல் கடந்துபோய், ஆங்கில வசைமொழியாய் மீண்டுவந்து, தமிழனைத் தமிழன் இகழ்தற்குக் கருவியானது எங்ஙனம் என்னும் ஐயம் எழுந்து உறக்கத்தைக் கெடுத்தது.

இச்சொல்லின் பிறப்பைப்பற்றி அகராதிக்காரர் ஒருமனப்பட்டாரல்லர். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம், குஜராத்து நாட்டுக் கோலி என்னும் குலத்தாரின் பெயரையும் நம் தமிழ்க் கூலியையும் எடுத்து ஆராய்கின்றது. இரண்டும் கலந்து ஒன்றாயிருத்தலும் கூடும். ஆயினும் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் 'உழைப்பின் விலை' என்னும் ஒரு பொருளிலேயே இது வழங்குவதும், சிங்களத்திலும் 'குலிய' என்பது வாடகையையே குறிப்பதும் நம் பக்கத்திற்கு வலிவூட்டுவன. சீனர் இதனைக் 'கசப்பான வலிமை' எனப் பொருள்படும் ஈரெழுத்துக்களால் எழுதுவர். அவ்வெழுத்தைக் கண்டு சொல்லே சீனத்திற் பிறந்ததென்று சாதிப்பாரும் உளர். புகுந்த வீட்டார் இட்ட பொட்டைக் கண்டு பிறந்த வீட்டை முடிவுசெய்தல் போலும் அது!

பிறப்பு எதுவாயினும் ஆகுக. நம் மொழியில் அச்சொல் பெற்றிருந்த மதிப்பை நோக்குமின். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், மெய் வருந்தி முயல்வார்க்குக் கிடைக்கும் பயனையே கூலி என்னுஞ் சொல்லாற் சுட்டுகின்றார். தமிழ் வேதாகமத்தில், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் மாலையிற் பெறுவதும் கூலியே. எங்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் நடவுக்கூலி, அறுப்புக்கூலி, வண்டிக்கூலி, சுமைகூலி என்பன நாள்தோறும் காதில் விழுவன. நகைக்கடையிற் செய்கூலி கொடாதாரும் இலர். இவற்றுள் ஒன்றேனும் மனிதனைக் குறிப்பதன்று. மனிதனைக் குறிக்க வேண்டுமாயின் 'கூலியாள்' என்றனர் நம் முன்னோர். ஆங்கிலம் கூலியை எடுத்துக்கொண்டு ஆளைக் கரையிலேயே விட்டுச்சென்றது. இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்று அமைதி கூறலாம். எவ்வகை ஆகுபெயர் என்பதை என் வகுப்புத் தோழர்கள் தேர்வுக்கு முன் ஆராய்க.

ஆனால் அந்த ஆகுபெயர் கப்பலில் ஏறிய கதை இலக்கணத்துள் அடங்காது. பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீசியசுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். நேட்டாலுக்கு முதலிற் சென்ற 'டிரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. வரவுக் கணக்கில் மக்கள் எண்களாக நின்றனர். பின்னர் வணிகராயினும், வழக்கறிஞராயினும், இந்தியர் யாவரும் அங்கே 'கூலி' ஆயினர். 1893-இல் அந்நாடு சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' ஆனார்.

அவர் தம் வரலாற்றில் மற்றொன்றும் சொல்கின்றார். தமிழர் பெயரீற்றிலுள்ள 'சாமி' என்பதும் அங்கே இழிவுரையாயிற்றாம். சாமி என்பதற்குத் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவனல்லேனே என்று மறுமொழி கூறிய சொல்வன்மையுடையாரும் இருந்தனராம். என் அப்பாயி என்னை 'ஏஞ்சாமி' என்றுதான் அழைப்பார். அப்பகுதியைப் படித்தபின் அவ்வழைப்பு வேறொரு பொருளோடு என் செவியில் விழுகின்றது.

வெள்ளையரை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையன்று. கைக்கூலி, கூலிப்படை, கூலிக்கு மாரடித்தல் என்று இச்சொல்லுக்குக் கறை பூசியவர் நாமே. நண்பரின் நகைப்பும் லண்டனிலிருந்து வந்ததன்று. தலையில் மூட்டை இருந்தமையால் வந்தது.

இனி, சொல்லை என் செய்வது? விலக்குக என்பார் ஒருசாரார். 2016-ஆம் ஆண்டின் இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், நிலையத்துச் சுமைதூக்குவோர் இனி 'சகாயக்' எனப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. ஏற்றுப் பெருமை கொள்க என்பார் மற்றொருசாரார். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992-இல் இச்சொல்லைக்கொண்டே தம் கொள்கைக்குப் பெயரிட்டார். கெய்யூத்ரா பகதூர் என்னும் பெண்மணி, 1903-இல் கல்கத்தாவிலிருந்து தனியே கயானாவிற்குக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றை எழுதி, 2013-இல் 'கூலிப் பெண்' என்றே தலைப்பிட்டார். இழந்ததை மீட்பார் செயல் இது. இதன்மேல் எனக்கு மதிப்புண்டு. எனினும் தமிழராகிய நமக்கு அச்சொல் முற்றும் இழந்துபோனதன்று. நாம் மீட்கவேண்டுவது அதன் ஈற்றிலிருந்த ஆளை மட்டுமே. ஆதலின் 'கூலி வந்தான்' என்று எழுதுவதையும் பேசுவதையும் நாம் விடுத்து, கூலியாள் என்றோ தொழிலாளர் என்றோ சொல்லுதல் வேண்டும். கூலி என்பதை ஊதியத்திற்கே உரித்தாக்குதல் வேண்டும். அரியலூர்ச் சிமெண்டு மூட்டைகளை லாரியில் ஏற்றுவார் நாள்முடிவிற் கேட்பது அதனைத்தான்.

பெயர்மாற்றச் செய்தியை அப்பாயியிடம் ஒருமுறை சொன்னேன். அவர் அன்று பருத்தி எடுத்துவிட்டு வந்து, விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "பேர மாத்துனா கூலிய ஏத்திக் குடுப்பாங்களா சாமி?" என்று கேட்டார். விடை கூறாது, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உறியில் வைத்தேன்.