பாட்டுக்கு விலை ஒரு குவளையா?

மன்ற மலரில் மதுக்கூடத்தைப் பற்றி எழுத வந்துவிட்டான் ஒருவன் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் நாற்காலியைச் சற்று முன்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். இரு திறத்தாருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றேன். நான் சென்றது பாட்டுக் கேட்க. குடித்தது எலுமிச்சை பிழிந்த சோடா. அதற்கு அவர்கள் நீட்டிய கணக்கு 280 ரூபாய். நான் சாப்பிடும் மெஸ்ஸில் அந்தப் பணத்துக்கு மூன்று நாள் பகலுணவு ஆகும்.

நான் குடியிருப்பது பிரேசர் டவுனில். 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பின், நெருக்கம் குறைய வேண்டுமென்று கண்டோன்மெண்டில் வகுக்கப்பட்ட பேட்டைகளுள் அதுவும் ஒன்று. மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூட்டினார்கள். இப்போது ஏட்டிலே அது புலிகேசி நகர். நாவிலே இன்னும் பிரேசர் டவுன்தான். படையோடு வந்த தமிழர்கள் இப்பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றார்கள். சனிக்கிழமை மாலையில் மசூதிச் சாலையில் நடந்து பாருங்கள். தொழுகைக்கு அழைக்கும் குரல், அடுத்த தெருவில் மாதா கோயிலில் பாடகர் குழுவின் பயிற்சி, தேநீர்க் கடையில் தமிழ்த் திரைப்பாட்டு, பேருந்து நடத்துநரின் கன்னடம். காசு கேட்காத கச்சேரி அது.

என் தெருவிலேயே ஓர் இளைஞர் இருக்கின்றார். கித்தார் வாசிப்பார், ஆங்கிலத்திலும் தமிழிலும் பாடுவார். அவருடைய தந்தையார் சிவாஜி நகரில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவர். திருமணமானாலும் சாவானாலும் தெருவுக்கே ஊதியவர். மகனுக்குத் தெருவில் இடமில்லை. இந்திரா நகரில் ஒரு மதுக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கிடைக்கின்றது. "ஒரு நாள் வந்து கேளுங்களேன்" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரமாக ஒத்துழைக்காத கருவியை அதன் போக்கில் விட்டுவிட்டு, நானும் இன்னொரு மாணவரும் கிளம்பினோம்.

வழியிலே அல்சூர் ஏரி. கரையில் வள்ளுவர். 1991 முதல் 18 ஆண்டு துணிக்குள் மறைந்திருந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டவர். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியவரின் முன்னால், மதுக்கூடத்துக்குப் போகும் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

உள்ளே சென்றோம். நண்பர் பாடினார்; நன்றாகவே பாடினார். கேட்டவர்கள் எத்தனை பேர்? எங்களையும் சேர்த்து ஏழு பேர் இருக்கலாம். மற்றவர்கள் பேசினார்கள். பேச்சுக்கு மேலே கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார்கள். ஒலிக்கு மேலே கேட்கட்டும் என்று பேசியவர்கள் கத்தினார்கள். பரிமாறும் தம்பி மூன்று முறை வந்து "வேறு என்ன வேண்டும்?" என்று கேட்டார், அவர் மீது பிழையில்லை, அவர் வேலை அது. நான்காம் முறை மேலாளரே வந்தார். ஆறு பேர் காத்திருக்கின்றார்களாம். நாங்கள் எழுந்துகொண்டால் உதவியாக இருக்குமாம். பாட்டு நடுவில் இருந்தது. எழுந்து வந்து சுவரோரம் நின்று மீதியைக் கேட்டோம்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அங்கே விற்கப்படுவது பாட்டன்று. எங்களுக்கு அதை விற்றதாகவும் அவர்கள் நினைக்கவில்லை. கேட்பவனைக் காது கொண்டு எண்ணுவதில்லை, குவளை கொண்டு எண்ணுகின்றார்கள். பாடுபவனையும் அப்படித்தான். இரண்டு சனிக்கிழமை விற்பனை குறைந்தால் மூன்றாம் சனிக்கிழமை அழைப்பு வராது என்று நண்பர் பின்னர் சொன்னார்.

மதுவும் பாட்டும் ஒன்றாயிருப்பது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, நம் வீட்டுப் பழக்கந்தான். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலை புறநானூற்றில் இருக்கின்றது. கள் சிறிதாயிருந்தால் அதனைப் பாடுவோர்க்கே தந்துவிடுவானாம். மிகுதியாயிருந்தால் பாட்டைக் கேட்டுக்கொண்டு தானும் உடன் அருந்துவானாம். ஒழுங்குமுறை எப்படி என்று பாருங்கள்! முதலில் பாடுபவர், பிறகு புரவலன். அன்று கள், பாட்டுக்குப் பரிசு. இன்று பாட்டு, கள்ளுக்கு விளம்பரம். என் சண்டை குவளையோடு அன்று. இந்தத் தலைகீழ் மாற்றத்தோடுதான்.

சட்டமும் இதே கண்ணால்தான் பார்க்கின்றது. பெங்களூரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கவும் கட்டுப்படுத்தவும் 2005இல் ஓர் ஆணை வந்தது. கித்தாரோடு வந்து பாடும் இளைஞனும், காபரே நடனமும் அந்த ஆணையில் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். 2018 சனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அவ்வாண்டே காவல்துறை கெடுபிடி காட்ட, பல கூடங்களில் நேரடி இசை நின்றது. இந்திரா நகரில் 2013இல் திறந்து, பல புதிய குழுக்களுக்கு மேடையாயிருந்த 'தி ஹம்மிங் ட்ரீ' 2019இல் மூடப்பட்டது. மேடை போயிற்று; மது போகவில்லை.

ஆனால் அண்டை வீட்டாரின் முறையீட்டை நான் எள்ளி நகையாட மாட்டேன். இயற்பியல் படிப்பவன் அதைச் செய்யக்கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. 10 கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. அதிலும் தாழ்ந்த ஒலி பொல்லாதது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். சாதாரணச் சுவர் அதற்கு ஒரு தடையே அன்று. குரலும் கித்தாரும் சுவரோடு நின்றுவிட, அடுத்த வீட்டுப் பாட்டியின் தலையணைக்குத் 'திம் திம்' என்ற இடி மட்டும் போய்ச் சேருகின்றது. பாட்டின் சுவை ஒருவருக்கு, வேதனை மற்றொருவருக்கு என்றால் அவர் காவல் நிலையத்துக்குப் போகத்தானே செய்வார்? இதற்கும் மூலம் அந்தக் குவளைதான். அமைதியாகக் கேட்கும் அவையாயிருந்தால் அவ்வளவு உரத்து முழக்க வேண்டியதில்லையே!

மறுநாள் ஞாயிறு. காலையில் எங்கள் பேட்டையில் தமிழ் ஆராதனைப் பாடலை வாயிலில் நின்று கேட்டேன். யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை, நான் உட்காரவே இல்லை என்பது வேறு. மாலையில் கப்பன் பூங்கா. அங்கே ஆங்கிலேயர் காலத்தில் படைப் பேண்டு வாசித்த எண்கோண மேடை இன்னும் நிற்கின்றது. நான் போனபோது அதில் இரண்டு குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்நகரம் திறந்த வெளியில் பாட்டுக் கேட்டறியாத நகரமா? சாமராசப்பேட்டையில் 1939 முதல் இராமநவமிக் கச்சேரிகள் பந்தலிலே நடந்துவருகின்றன. ராக் இசைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 'ஃப்ரீடம் ஜாம்' என்று சுதந்திர நாளையொட்டிக் கட்டணமில்லாத இசை விழாவை 1996இல் தொடங்கினார்கள். நம் சென்னையில், 2018 சனவரியில் கானாவும் ராப்பும் கலந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அரங்கேறியது கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில். யார் கையிலும் குவளையைத் திணித்து அதை நடத்தவில்லை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் ஆர்வத்தோடு அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மேலாளர் என்னை எண்ணிப் பார்ப்பது குவளைக் கணக்கில்தான். ஆனால் இரவு வீடு திரும்பும்போது கையில் பணம் இருக்கும். உங்கள் தமிழ் விழாக்களில் என்ன கொடுப்பார்கள்?" என்றார்.

வாயடைத்துப் போனேன். சென்ற ஆண்டு ஒரு விழாவில் நான் வரவேற்புக் குழுவில் இருந்தேன். பந்தற்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், சாப்பாட்டுக்குப் பணம். பாடியவருக்குப் பொன்னாடை! கலையை விலை பேசலாமா என்று நாம் பெருமிதத்தோடு கேட்கின்றோம். அந்தப் பெருமிதத்தின் செலவைப் பாடுபவன் தலையில் கட்டுகின்றோம். மதுக்கூடக்காரர் குறைந்தபட்சம் அந்தப் பாசாங்கு செய்வதில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு எப்போது வரும்?

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு சனிக்கிழமை, மாலை 6 மணி முதல் 8 மணி வரை, நம் சிறிய அரங்கைப் பாடுவோர்க்குத் திறந்துவிடுங்கள். தமிழ் பாடட்டும், கன்னடம் பாடட்டும், ஆங்கிலம் பாடட்டும். வாயிலில் ஆளுக்கு 50 ரூபாய் வாங்குவோம். இல்லாதவர் இல்லையென்று சொல்லி உள்ளே வரட்டும். வசூல் முழுவதும் பாடுபவருக்கு. 100 பேர் வந்தால் 5,000 ரூபாய். அந்த இந்திரா நகர்க் கூடம் ஓர் இரவுக்கு அவருக்குக் கொடுப்பதைவிட அது கொஞ்சம் அதிகம். கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுகின்றேன். தேநீர் வேண்டுவோர் வெளியே குடித்துவிட்டு வரலாம்.

முதல் மாலைக்கு என் தெரு நண்பர் இசைந்திருக்கின்றார். மூன்று நிபந்தனைகள் சொல்லியனுப்பினார். தந்தையாரின் டிரம்பெட்டுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். பேசிய பணத்தை அன்றே தர வேண்டும். பொன்னாடை வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருக்கின்றதாம்.