கதைக்குள் ஒளியும் சரக்கு

1999இல் வெளிவந்த ‘தால்’ இந்தித் திரைப்படத்தில் காதலர் இருவரின் நெருக்கத்தை உணர்த்தும் பொருளாக வந்தது ஒரு கொக்கோ கோலா பாட்டில். ஈராண்டு கழித்து அதே இயக்குநர் சுபாஷ் கய் எடுத்த ‘யாதேன்’ படத்தில் குளிர்பானத்தோடு சைக்கிள் நிறுவனமும் இடம்பிடித்தது. தாராளமயம் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள் திரைக்கதையும் சந்தையாகிவிட்டது.

விளம்பர இடைவேளையில் பார்வையாளர் விழிப்போடு இருக்கிறார். விற்பவன் பேசுகிறான் என்பதறிந்து பாதியைத் தள்ளிவிடுகிறார். அதே சரக்கு கதைமாந்தரின் கையில் வரும்போது அந்த விழிப்பு உறங்கிவிடுகிறது. வணிக ஊடகம் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு பார்வையாளர்களே என 1977இல் விளக்கினார் கனடிய அறிஞர் டல்லாஸ் ஸ்மைத். திரையரங்கிலோ, காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரே விற்கவும் படுகிறார்.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்களைப் பெரிதும் கவர்ந்த ‘கோயி மில் கயா’ (2003) படத்தின் நாயகன் விரும்பிக் குடிப்பது போர்ன்விட்டா. இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பட்டியலிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களை ஒன்றிய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான். அன்று படம் பார்த்த பிள்ளைகள் அதற்குள் பெற்றோராகும் வயதை எட்டிவிட்டனர்.

தொலைக்காட்சி விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும், மணிக்கு 12 நிமிடத்தை மீறக் கூடாது என்கின்றன கேபிள் தொலைக்காட்சி விதிகள். கதைக்குள் கரைந்துவிட்ட விளம்பரத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்? அரசால் இயலாததன்று இது. புகையிலைப் பொருள்களைத் திரையில் இவ்வாறு புகுத்துவதற்குத் தடை உண்டு. பிரிட்டனில் 2011 முதல் இத்தகைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ‘பி’ என்னும் குறியீடு காட்டப்பட வேண்டும். குழந்தைகள் நிகழ்ச்சிகளிலும் செய்திகளிலும் இம்முறைக்கே அங்கு இடமில்லை.

அன்றாட வாழ்வில் பிராண்டுகள் உள்ளன, கதையிலும் வரத்தானே செய்யும் என்பர் தயாரிப்பாளர்கள். வரட்டும். பொருள் வருவது குற்றமன்று. பணம் கைமாறியதை மறைப்பதே குற்றம். பணம் பெற்றுக் காட்டப்படும் ஒவ்வொரு பொருளின் பெயரும் படத்தின் தொடக்கத்திலேயே, அந்தந்த மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். குழந்தைகளுக்கான படைப்புகளில் இது முற்றாகத் தடை செய்யப்பட வேண்டும். கலை இலக்கிய அமைப்புகளும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளும் ஒருங்கே எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை.