எண்ணாகிப் போன ஸிப்பாய்

யுத்தத்தில் குண்டு பட்டு வீழ்ந்தவனைப் பாடுவோர் பலர். பேதியிலும் ஜுரத்திலும் கிடந்து மாண்டவனை நினைப்பாரில்லை. ஆனால் ஒரு ராஜாங்கத்தின் யோக்கியதையை அளந்தறிய விரும்புவோர்க்கு இந்த இரண்டாமவனே சிறந்த சாட்சி என்பது நமது அபிப்பிராயம். குண்டு எதிரியுடையது, வியாதியோ பெரும்பாலும் சொந்த உக்கிராணத்திலிருந்து வருவது.

மெஸபொடேமியா யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்திற்குச் சேர்ந்த நமது குடியானவர்கள் டைகிரிஸ் நதிக்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1915 நவம்பரில் டெஸிபன் போரில் காயமடைந்தவர்களை ஏற்றிக்கொண்டு ‘மெஜீதியா’ என்ற நீராவிப் படகு பஸ்ராவுக்கு வந்தது. அதன் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதாகவே வைத்திய அதிகாரி மேஜர் கார்ட்டர் தூரத்திலிருந்து எண்ணினார். நெருங்கிய பின்னரே, எழுந்திருக்கவும் சக்தியற்ற நோயாளிகளின் மலம் உறைந்து தொங்குவதைக் கண்டார். காயம்பட்டோரின் நிலைமை திருப்திகரமாயிருக்கிறது என்று தந்தி போனதும் அதே காலத்தில்தான்! உண்மையை எடுத்துரைத்த கார்ட்டருக்குக் கிடைத்த சன்மானம், அதிகப்பிரசங்கி என்ற பட்டமும் உத்தியோகம் பறிபோகும் என்ற மிரட்டலுமே.

பிறகு குட் நகர் முற்றுகை. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை ஜெனரல் டவுன்ஷெண்டின் சேனை அங்கே அடைபட்டுக் கிடந்தது. பசிய காய்கறியின்றி ஸிப்பாய்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டது. மதாசாரத்தைக் கருதிக் குதிரை மாமிசத்தை மறுத்தார்கள், ஆகையால் குற்றம் அவர்களுடையதே என்று வாதிப்போர் உண்டு. வழக்கு மன்றத்தில் இவ்வாதம் ஒரு நிமிஷமும் நில்லாது. குட்டுக்கு வெளியே, கப்பல்கள் வந்துபோகும் பஸ்ராவை ஆதாரமாகக் கொண்டிருந்த சேனையிலும் 1916-ல் இந்தியர்களிடையே அதே ஸ்கர்வி பரவிற்று. அங்கே முற்றுகை ஏது? ஸிப்பாயின் படியளப்பில் காய்கறிக்குப் போதிய இடமே இல்லாதிருந்ததுதான் காரணம்.

சரணடைந்தோர் ஏறத்தாழ 13,000 பேர். சாமானிய ஸிப்பாய்கள் பாக்தாத், மோஸல் வழியாகப் பாலைவனத்தில் நடத்தப்பட்டு, ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பேதியில் வழியெங்கும் மாண்டார்கள். தளபதியோ கான்ஸ்டாண்டினோபிளுக்கு அருகே ஒரு தீவில் சௌகரியமாக வசித்தார். 1917-ல் அவருக்கு ‘ஸர்’ பட்டமும் வந்தது.

அதே வருஷம் விசாரணைக் கமிஷன் இந்திய ஸர்க்காரின் சிக்கனத்தையும் அசிரத்தையையும் கண்டித்தது. இந்தியா மந்திரி சேம்பர்லேன் ராஜினாமாச் செய்தார். செத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1929-ல் பஸ்ராவில் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஒவ்வொருவர் பெயரும் செதுக்கப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்குப் பட்டாளத்தின் பெயரும் ‘இத்தனை பேர்’ என்ற தொகையுமே. ஒரே நதியின் தண்ணீரைக் குடித்து ஒரே பேதியில் இறந்தவர்களிடையே கல்லில் எதற்கு இந்த ஜாதி வித்தியாசம்?

2021 ஏப்ரலில் யுத்தக் கல்லறைக் கமிஷன் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்பும் கோரினார். வரவேற்கிறோம். ஆனால் மன்னிப்பு உளிக்கு ஈடாகாது. பெயர்கள் அகப்படா என்ற சாக்கும் செல்லாது. லாகூர் மியூஸியத்தில் கிடந்த பதிவேடுகளில் பஞ்சாப் ஸிப்பாய்கள் சுமார் 3,20,000 பேரின் விவரம் கிராமவாரியாக உண்டு. அவற்றை வெளிப்படுத்தும் வேலை 2021-ல் தொடங்கியதும் அரசாங்கங்களால் அன்று, அந்த மாகாணத்தாரின் சந்ததியார் முயற்சியால். பஸ்ராச் சின்னம் 1997-ல் வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. கல்லைப் பெயர்க்க முடிந்ததென்றால் கல்லில் எழுதவும் முடியும். எந்தத் தேதிக்குள் அப்பெயர்கள் செதுக்கப்படும் என்று டில்லி ஸர்க்கார் லண்டன் ஸர்க்காரை எழுத்து மூலம் கேட்க வேண்டும். வரும் பதிலைப் பார்லிமெண்டின் மேஜைமீது வைக்க வேண்டும்.